புண்ணுக்குத் தேன்: மருந்து வேற, சமையலறை பாட்டில் வேற!

"சுட்ட இடத்துல கொஞ்சம் தேன் தடவு, சரியாயிடும்." இதைச் சொல்லாத பாட்டியும் இல்லை, ஃபார்வேர்டு செய்யாத ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பும் இல்லை. இன்னொரு பக்கம், "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்களும் உண்டு. ரெண்டு தரப்பும் பாதி சரி. ஆபத்து மீதிப் பாதியில் இருக்கிறது.

தேன் என்ன செய்யுது?

தேனில் சுமார் 80% சர்க்கரை. தண்ணீர் 20 சதவிகிதத்துக்கும் குறைவு. புண்ணின் மேல் வைத்தால் சுற்றியுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாக்டீரியா வளரத் தண்ணீர் கிடைக்காது. தேனின் அமிலத்தன்மையும் கிருமிகளுக்கு ஆகாது. இதோடு, தேனீ சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற என்சைம், புண்ணின் ஈரத்தில் தேன் நீர்த்துப்போகும்போது ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவாக்கும்.

நியூசிலாந்தின் மனுகா தேனில் கூடுதலாக மெத்தில்கிளையாக்சல் என்ற கிருமிக்கொல்லி நிறைய இருக்கிறது. அதன் தனிச்சக்திக்கு இதுதான் காரணம் என்று 2008-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதற்கு முந்தைய வருடமே, தேன் சேர்த்த டிரெஸ்ஸிங்குக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அனுமதி கொடுத்துவிட்டது.

ஆதாரம் எவ்வளவு?

இதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 1991-ல் மகாராஷ்டிராவின் சோலாப்பூரைச் சேர்ந்த டாக்டர் சுப்ரமணியம், 104 தீக்காய நோயாளிகளிடம் தேனையும் வழக்கமான சில்வர் சல்ஃபாடயசினையும் ஒப்பிட்டு, தேனுக்குச் சாதகமான முடிவை வெளியிட்டார்.

2015-ல் காக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளை, மொத்தம் 3,011 பேரின் தரவுகளை அலசியது. ஆழம் குறைந்த தீக்காயங்கள், வழக்கமான டிரெஸ்ஸிங்கைவிடத் தேனில் 4 முதல் 5 நாட்கள் முன்னதாக ஆறின. ஆபரேஷனுக்குப் பிறகு சீழ் பிடித்த புண்களிலும் பலன் தெரிந்தது. மற்ற புண்களுக்கு? உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. மனுகாவின் தாய்வீடான நியூசிலாந்திலேயே, 368 பேரிடம் நடந்த ஆய்வில், கால் சிரைப் புண்கள் ஆறுவதில் தேன் டிரெஸ்ஸிங் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. வலிதான் அதிகமானது.

அப்போ வீட்டுத் தேன் போதாதா?

போதாது. மருத்துவத் தேனை காமா கதிர்வீச்சில் சுத்திகரிக்கிறார்கள். காரணம், சாதாரணத் தேனில் கிளாஸ்ட்ரிடியம் வகை பாக்டீரியாவின் ஸ்போர்கள் இருக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். "காய்ச்சிடலாமே" என்றால், அந்தச் சூட்டுக்கு ஸ்போர் சாகாது. பலன் தரும் என்சைம்தான் கெட்டுப்போகும்.

இன்னொன்று, பாட்டிலில் இருப்பது தேன்தானா? 2020 டிசம்பரில் சி.எஸ்.இ அமைப்பு 13 பிராண்டுகளைச் சோதித்ததில், 10 பிராண்டுகள் ஜெர்மனியில் நடந்த என்.எம்.ஆர் சோதனையில் தேறவில்லை என்றது. நிறுவனங்கள் அதை மறுத்தன. நாக்கில் வைக்கவே இவ்வளவு சர்ச்சை இருக்கும் பொருளை, திறந்த புண்ணில் வைக்க வேண்டுமா?

நாள் போவதுதான் பிரச்னை

ஐ.சி.எம்.ஆர் ஆதரவுடன் நடந்து, 2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். புண் வந்தாலும் வலிக்காது. "தேன் போட்டிருக்கோம், ஆறிடும்" என்று அப்பா பத்து நாள் காத்திருந்தால், அந்தப் பத்து நாளில் தொற்று எலும்புவரை போகலாம். அப்புறம் பேச்சு விரலை எடுப்பதா, காலை எடுப்பதா என்று மாறிவிடும். இங்கே தேன் கெடுதல் செய்யாவிட்டாலும், அது தரும் தைரியம் கெடுதல் செய்யும்.

அதனால் என் கருத்து இதுதான். தேன் டிரெஸ்ஸிங்கைக் கேலி செய்ய வேண்டாம். டாக்டரிடம் "இந்தப் புண்ணுக்கு அது சரிப்படுமா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்த முடிவை சமையலறையில் எடுக்காதீர்கள். சுட்டுக்கொண்டால் முதலில் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். தேன், பேஸ்ட், மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, மூட்டுகளில் பட்டிருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், காலில் எவ்வளவு சின்னப் புண் என்றாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

அடுத்த முறை குரூப்பில் அந்த ஃபார்வேர்டு வந்தால், சண்டை போட வேண்டாம். "தேன் நல்லதுதான் பெரியம்மா, முதல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்" என்று ஒரு வரி போடுங்கள். அந்த ஒரு வரி ஒருவரின் காலைக் காப்பாற்றலாம்.