‘இங்கே வேண்டாம்’ என்றால் மட்டும் போதுமா?

பசுமை நிலத்தில் வீடு கட்ட அக்கம்பக்கத்தார் எதிர்ப்புத் தெரிவித்தால் உடனே இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, ‘வசதியானவர்களின் சுயநலம்’ என்பது. மற்றொன்று, ‘இயற்கையைக் காக்கும் போராட்டம்’ என்பது. கோலாலம்பூர் தாமான் ரிம்பா கியாரா விவகாரத்தைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போதும் இதே இரண்டு குரல்களைத்தான் கேட்கிறேன். இரண்டிலும் பாதி உண்மைதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு, அங்கு வேலை செய்த பாட்டாளிகள் 1980களின் தொடக்கத்தில் நீள்வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். பிள்ளைகள் வளர்ந்து, பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டனர். ஏறக்குறைய 100 குடும்பங்கள் நிரந்தர வீட்டுக்காகக் காத்துக்கொண்டே இருந்தன. அவர்களில் பெரும்பாலோர் நம் இந்தியர்கள்.

2017இல், ரிம்பா கியாரா பூங்கா நிலத்தையும் சேர்த்து 12 ஏக்கரில் அடுக்குமாடிகள் கட்ட மாநகர் மன்றம் அனுமதி தந்தது. நீள்வீட்டு மக்களுக்கு வீடு கிடைக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். ‘பணக்காரர்கள் பூங்காவில் நடப்பதற்காக நம்மவர்கள் வீடில்லாமல் இருக்க வேண்டுமா?’ என்று கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது.

ஆனால், திட்டத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். 8 கட்டடங்களில் 1,766 சொகுசு அடுக்குமாடி வீடுகள். ஒரே ஒரு கட்டடத்தில் 350 மலிவு விலை வீடுகள். அதாவது, ஆறில் ஒரு பங்குதான் மலிவு வீடு. 100 குடும்பங்களின் தேவையைக் காட்டி, பொதுமக்களின் பூங்காவில் இத்தனை சொகுசு வீடுகளைக் கட்ட வேண்டுமா? எதிர்த்த குடியிருப்பாளர்கள் நீள்வீட்டு மக்களுக்கு வீடே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் குடியிருக்கும் இடத்திலேயே கட்டித் தரலாம் என்றுதான் சொன்னார்கள்.

அந்த அனுமதி ரத்து செய்யப்பட்டதை 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் உறுதி செய்தது. கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டத்தில் அவ்விடம் பூங்கா என்று குறிக்கப்பட்டிருந்தது. அத்திட்டம் டத்தோ பண்டாரையும் கட்டுப்படுத்தும், அதை நினைத்தபடி மீற முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். நாடு முழுவதும் உள்ள பசுமை நிலங்களுக்கு இது ஒரு வேலி.

என்றாலும், என் மனத்தை உறுத்தும் ஒன்று உண்டு. பூங்கா, திட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. அதனால் வழக்காடிக் காக்க முடிந்தது. வீடோ ஆண்டுக்கணக்காக வெறும் வாக்குறுதியாகவே இருந்தது. தீர்ப்பு வந்த நாளிலும் அக்குடும்பங்கள் நீள்வீடுகளில்தான் இருந்தன.

ஆகவே, ‘இங்கே கட்டாதே’ என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால், அப்படிச் சொல்பவர்கள் ‘அங்கே கட்டு’ என்றும் சொல்ல வேண்டும். வழக்கில் வென்ற பிறகும் அதே உறுதியோடு அந்த வீடுகளுக்காகக் குரல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால், ‘சுயநலம்’ என்ற பழிச்சொல் உண்மையாகிவிடும்.

மாணவர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. மாநகர் மன்றங்களின் திட்ட வரைவுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது கருத்துச் சொல்லலாம். அவை பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். வீட்டில் தாத்தா பாட்டிக்கு அவற்றைத் தமிழில் படித்துச் சொல்லக்கூடியவர்கள் நாம்தான். அடுத்த திட்டத்தில் பூங்காவோடு ஏழைகளின் வீடும் எழுத்தில் இடம்பெறட்டும். எழுத்தில் இருப்பதைத்தான் நாளை நீதிமன்றத்தில் கேட்க முடியும்.