சும்மாதான் போனேன்



போன வாரம் சென்னையில் ஒரு நாள் முழுக்கத் தனியாகச் சுற்றினேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விஷயம் தெரிந்ததிலிருந்து வரும் போன்களில் எல்லாம் ஒரே கேள்விதான். "எதுக்கு?" டாக்டரைப் பார்க்கவா, கோயிலுக்கா என்று கேட்டார்கள். மருமகளோடு ஏதாவது மனஸ்தாபமா என்று ஒருத்தி நைசாக விசாரித்தாள். ஒன்றுமில்லை, சும்மாதான் போனேன் என்றால் யாருக்கும் திருப்தியில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

நம் வீட்டுப் பெண்கள் வெளியே கிளம்ப நாலு காரணங்களைத்தான் வைத்திருக்கிறோம். கோயில், ஆஸ்பத்திரி, விசேஷம், பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடம். என் வயது ஆண் ஒருவர் காலை முழுக்க டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. பெண் என்றால் "கோயிலுக்கு" என்று சொல்ல வேண்டும். நாம் பக்தி என்று நினைக்கும் பிரதோஷங்களில் பாதி, கொஞ்சம் காற்றாட உட்கார்ந்துவிட்டு வருவதற்குத்தான் என்பது என் கணிப்பு. சாமி கோபித்துக்கொள்ளாது.

வேலையில் இருந்தபோது சென்னைக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன், உங்களைச் சுற்றுலா அழைத்துக்கொண்டு. எழும்பூர் மியூசியம், வண்டலூர், மெரினா. அங்கெல்லாம் நான் பார்த்தது உங்கள் தலைகளைத்தான். 42 இருக்கிறதா, 41-ஆ? வெண்கலச் சிலைக்கூடத்தில் நான் போட்ட சத்தம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அங்கிருந்த நடராஜர் எனக்கு நினைவில் இல்லை.

இந்த முறை எண்ண யாரும் இல்லை. வேளச்சேரியில் ரயில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனேன். அதன் பெயர் கடற்கரை. இறங்கினால் கடற்கரையே கிடையாது! ஒரு காலத்தில் அலை அங்கேதான் அடித்தது. துறைமுகம் கட்டிய பிறகு கடல் கிழக்கே தள்ளிப்போய், பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஐந்தாம் வகுப்பில் துறைமுகப் பாடம் நடத்தியபோது இது தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்!

பாரிமுனையில் கால் போன பக்கம் நடந்தேன். ஆண்டர்சன் தெரு முழுக்கக் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். "பொண்ணுக்காம்மா, பையனுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். சும்மா பார்க்கிறேன் என்றேன். ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பத்திரிகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார். புதுக் காகித வாசனை ஜூன் மாதத்துப் பள்ளிக்கூட வாசனை.

அங்கிருந்து அரண்மனைக்காரன் தெரு. அதில் ஆர்மீனியர்களின் தேவாலயம் இருக்கிறது. 1772-இல் கட்டியது. உள்ளே கல்லறைகள், மர நிழல், அமைதி. உலகிலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகை நம் சென்னையில்தான் 1794-இல் அச்சானது. அதை நடத்திய பாதிரியாரின் கல்லறையும் அங்கேதான். அதன் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "மிஸ், போலாமா?" என்று யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

பிள்ளைகளின் பயம் பொய்யில்லை. சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது, ரோடு கிராஸ் பண்ணுவதே ஒரு பரீட்சை. பையில் மாத்திரை, பிஸ்கட், வீட்டு நம்பர் எழுதிய சீட்டு எல்லாம் வைத்திருந்தேன். மதியம் ஒரு மணிக்கு ஒரு போன் செய்ய ஒப்புக்கொண்டேன். செய்தேன். ஆனால் மகன் கேட்டபடி லொகேஷனைப் போட்டுவிட்டுச் சுற்றச் சம்மதிக்கவில்லை. அப்படிப் போனால் என்னை நானே தலை எண்ணுகிற மாதிரி இருக்கும்.

உண்மையான கஷ்டம் வேறு. வெளியே கிளம்பினால் நம் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ஏன் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். அன்றைக்கு ஓரிடத்தில் பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. நிழலில் உட்காரவும் எங்கும் பெஞ்ச் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். மிக நல்ல காரியம், திரும்பும்போது அதில்தான் வந்தேன். ஆனால் ஏறி எங்கே இறங்குவது? இறங்கிய இடத்தில் உட்கார ஓர் இடமும், திறந்திருக்கும் ஒரு கழிப்பறையும் வேண்டாமா? உங்களில் இரண்டு மூன்று பேர் உள்ளாட்சி வேலையில் இருக்கிறீர்கள். டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் ஒன்று செய்தால் போதும். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு "சும்மா போயிட்டு வரேன்" என்றால், "எதுக்கு?" என்று கேட்காதீர்கள். "குடை எடுத்துக்கிட்டியா?" என்று கேளுங்கள்.

அடுத்த புதன்கிழமை ராயபுரம் பக்கம் போகலாம் என்று இருக்கிறேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் கிளம்பிய ஸ்டேஷன் அங்கே இன்னும் இருக்கிறது. வழியில் வேறு ஏதாவது கண்ணில் பட்டால் அங்கேயே இறங்கிவிடுவேன்.

துணைக்கு யாரும் வர வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்