கீழ்ப்பாக்கம் கேஸ்

(இரண்டாம் ஆண்டு, சிவில் மாணவன்)



நம்ம வகுப்பில் யாராவது தனக்குத்தானே பேசினால் போதும், டிராயிங் ஷீட்டை வெறித்துப் பார்த்து உட்கார்ந்தால் போதும், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "கீழ்ப்பாக்கம் கேஸ்டா இது!" எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்தவன்தான். 1794-இல் கம்பெனிக்காரன் காலத்தில் தொடங்கிய மருத்துவமனை அது. இருநூறு வருஷத்துக்கு மேலாக எத்தனையோ பேரைக் கவனித்த இடத்தின் பேரை நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். போன வருஷம் எங்கள் வீட்டிலேயே ஒரு 'கேஸ்' வந்தபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

என் சித்தப்பா சென்ட்ரிங் வேலை செய்பவர். தி.நகரிலும் அடையாறிலும் அவர் பலகை அடிக்காத தெரு குறைவு. நான் எட்டாவது படிக்கும்போதே தளம் போட முட்டு எப்படிக் கொடுப்பது என்று மண்ணில் குச்சியால் வரைந்து காட்டியவர். அவர் திடீரென்று தூங்குவதை நிறுத்தினார். மேல் மாடியிலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

"யாரோ செய்வினை வெச்சுட்டாங்க" என்றாள் ஆயா. முண்டகக்கண்ணி அம்மன் கோயில், சாந்தோம் சர்ச், பெசன்ட் நகர் வேளாங்கண்ணி, ஒரு தர்கா என்று எல்லா இடமும் போனோம். கஷ்டம் வந்தால் மயிலாப்பூர் ஜனங்களுக்கு மதமெல்லாம் ஒன்றுதான்! தாயத்துக் கட்டிய ஒருவர் மட்டும் மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு நான் கத்தினேன். "இதெல்லாம் மூட நம்பிக்கை! டாக்டர்கிட்ட போகணும்!" வீட்டில் முதன்முதலாகப் படிக்கிறவன் என்பதால் என் பேச்சு எடுபட்டது.

ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். மூன்று மணி நேரம் க்யூ. உள்ளே இரண்டே கேள்வி: தூங்குறாரா? சாப்பிடுறாரா? அதையும் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்கள், அவரைப் பார்த்து இல்லை. எங்களுக்குப் பின்னால் அத்தனை கூட்டம் நின்றது, டாக்டரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? சித்தப்பா நாலு நாள் மாத்திரை சாப்பிட்டார். கை கால் விறைத்தது, நாக்கு தடித்தது. எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டிவிட்டார். "எனக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கலடா" என்றார்.

கேட்டவர் எங்கள் தெருமுனை அம்மன் கோயில் பூசாரி. ஒரு சாயங்காலம் முழுக்கச் சித்தப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார். வேப்பிலை அடிக்கவில்லை, பேய் ஓட்டவில்லை. "தெனம் சாயங்காலம் வந்து வாசலைப் பெருக்கு, செடிக்குத் தண்ணி ஊத்து" என்றார். சித்தியிடம், "மாத்திரையை அம்மா காலடியில வெச்சு எடுத்துக் குடு. ஒத்துக்கலைன்னா டாக்டர்கிட்டயே திரும்பப் போய்ச் சொல்லும்மா, நீங்களா நிறுத்தாதீங்க" என்றார். போனோம். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது வாரத்தில் நாலு நாள் வேலைக்குப் போகிறார்.

அப்படியானால் அன்றைக்கு நான் கத்தியது தப்பா? பாதி தப்பு என்றுதான் நினைக்கிறேன். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியவர்களை ஆராய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார்கள். 31 பேர். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். கூடவே வீட்டு ஆள் ஒருவர். காலையில் சின்னப் பூஜை, அப்புறம் கோயிலைச் சுத்தம் செய்வது, செடிக்குத் தண்ணீர் விடுவது. நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்ததாம். அதட்டாத ஓர் இடமும் அன்பாகப் பேசும் மனிதர்களும்கூட மருந்துதான் என்று நான் புரிந்துகொண்டேன். இதைப் படித்தபோது எங்கள் பூசாரி ஞாபகம்தான் வந்தது. அவர் எந்த ஜர்னலையும் பார்த்தவரில்லை.

ஆனால் நண்பர்களே, கோயில், தர்கா என்ற பேரில் நடப்பதெல்லாம் வைத்தியம் என்று சொல்ல வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. நாமெல்லாம் பிறப்பதற்கு முன்னால். தர்காவை நம்பி வந்தவர்களைத் தனியார் காப்பகம் ஒன்றில் ஓலைக் கொட்டகையில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். தீப்பிடித்தது. ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலி போடக்கூடாது என்று தடுத்துவிட்டது. அதே ஏர்வாடிக்கு அரசு மனநல மருத்துவரையே கொண்டுபோனது. குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் 2008-இல் ஆரம்பித்த 'தவா, துவா' முறை அது, அதாவது மருந்தும் பிரார்த்தனையும். துவா செய்கிறவரே "அங்கே போய் டாக்டரையும் பாரு" என்று அனுப்புகிறார். சொல்கிறவர் நமக்குத் தெரிந்தவர் என்றால் ஜனங்கள் கேட்கிறார்கள்!

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களிலிருந்து வந்த டாக்டர் மேசன் டியூரி, 1984-இல் ஆரோக்கியத்தை ஒரு வீடாகச் சொன்னார். உடம்பு, மனசு, குடும்பம், ஆன்மா என்று நாலு சுவர். சிவில் மாணவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? லோடு தாங்கும் சுவரில் ஒன்றை இடித்துவிட்டு மற்ற மூன்றுக்கும் பெயிண்ட் அடித்தால் வீடு நிற்குமா?

இங்கே டாக்டர் மாத்திரைச் சுவரை மட்டும் பார்க்கிறார். ஆயா சாமிச் சுவரை மட்டும் பார்க்கிறாள். மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அரியர் விழுந்து மாசக்கணக்காய் யாரோடும் பேசாத பையன்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மாதம் ஒரு நாள் மனநல ஆலோசகர் ஒருவரை அழையுங்கள். 'மனசு சரியில்ல', 'நெஞ்சு அடைக்குது' என்று நம்ம பாஷையில் சொன்னால் புரிகிறவராக இருக்கட்டும். தற்கொலைத் தடுப்புக்காக 1986-இல் தொடங்கிய சிநேகா நம்ம சென்னையில்தான் இருக்கிறது. 14416-க்குப் போன் செய்தால் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

இந்தக் கட்டுரையைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பேர் போடக்கூடாது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மூவாயிரத்தை எதுக்குடா எழுதின? பூசாரியைப் பத்தி இன்னும் ரெண்டு வரி எழுதியிருக்கலாம்" என்றார்.