‘சூப்பர்’ என்பது பின்னூட்டம் அல்ல

"சூப்பர்", "கலக்கிட்டீங்க தம்பி", "அருமை சார்", கூடவே நாலு கைகூப்பும் படம். ஒரு இணையதளத்தை வடிவமைத்து நண்பர்களிடம் கருத்து கேட்டால் நம்மாட்களிடமிருந்து வருவது இவ்வளவுதான். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் என்றால் "அந்த நீலத்தைக் கொஞ்சம் மாத்தலாம்", "லோகோ இன்னும் பெரிசா இருந்தா நல்லாருக்கும்" என்பார். இதை வைத்துக்கொண்டு "எல்லார்கிட்டயும் கேட்டாச்சு" என்று தளத்தைத் திறந்து வைத்துவிடுகிறோம். என்னைக் கேட்டால் இது கருத்துக் கேட்பே கிடையாது, வெறும் சடங்கு. பந்தியில் நின்றுகொண்டு "சாப்பாடு எப்படி?" என்று பெண்ணைப் பெற்றவர் கேட்கிற மாதிரி. "ரசத்துல உப்பு இல்ல" என்று யார் முகத்துக்கு நேராகச் சொல்லப் போகிறார்கள்?

எதற்கு இவ்வளவு சூடு என்கிறீர்களா? சொல்கிறேன்.

இங்கே அகமதாபாத்தில் எங்கள் பகுதியில் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறார்கள். என் பெண்ணும் போகிறாள். போன வருஷம் வகுப்புக்கு ஒரு தளம் வேண்டும் என்று முடிவாகி, மென்பொருள் வேலையில் இருக்கும் ஒரு தம்பி ராத்திரி கண்விழித்து, காசு வாங்காமல் செய்து கொடுத்தான். முகப்பில் வள்ளுவர் சிலை, சுற்றிலும் கோலம், எல்லாம் சுத்தத் தமிழில். சுட்டியை வாட்ஸப் குழுவில் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் கட்டைவிரல்கள் குவிந்தன. இனிமேல் சேர்க்கை எல்லாம் தளத்தில்தான் என்று நிர்வாகிகள் அறிவித்தும் விட்டார்கள்.

சேர்க்கை முடிந்தபோது பார்த்தால், வழக்கமாகப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் சிலவற்றைக் காணோம். அதில் ஒரு வீட்டுக்கு நான் போய்க் கேட்டேன். அந்தம்மா பிறந்து வளர்ந்தது இங்கேதான். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு வந்தவர். பேச்சில் நெல்லை மணக்கும். ஆனால் படித்தது முழுக்க குஜராத்தி மீடியம். "அண்ணே, எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுல்லா. குரூப்புல எல்லாரும் நல்லாருக்குன்னு போட்டாவ. நானும் ஒரு கட்டைவிரலப் போட்டுட்டேன். அப்புறம் யார்கிட்ட போயி கேக்க?" என்றார். தன்னைப் போலத் தன் பெண்ணும் ஆகிவிடக் கூடாது என்றுதான் அவர் பெண்ணைத் தமிழ் வகுப்புக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்.

விழுந்த கட்டைவிரல்களில் அவருடையதும் ஒன்று. கணக்குப்படி அது ஆதரவு ஓட்டு!

இதைக் குழுவில் சொன்னதும் வந்த முதல் பதில்: "தமிழ் வகுப்புத் தளத்துல குஜராத்தியும் ஆங்கிலமும் எதுக்கு? அப்புறம் என்ன தமிழ்ப் பற்று?" ஐயா, எழுதப் படிக்கத் தெரிந்த வீட்டுக்கு மட்டும் என்றால் வகுப்பே எதற்கு? வாசலைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளே வைத்திருக்கிறோம். மேலே தமிழ் கம்பீரமாக இருக்கட்டும். கீழே ஒரு வரி குஜராத்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் தமிழ் தேய்ந்துவிடாது. ஒரு பெண்பிள்ளைக்கு ‘அ’ எழுத வரும்.

நான் பி.காம். படித்தவன், பிழைப்பு வங்கியில். வடிவமைப்பு பற்றி எனக்கென்ன தெரியும் என்று சிலர் கேட்டார்கள். வடிவமைப்பு தெரியாது. சரிபார்ப்பு தெரியும். வங்கியில் ஒருவர் போடும் பதிவை இன்னொருவர் பார்த்து அங்கீகரித்தால்தான் கணக்கில் ஏறும். மேக்கர், செக்கர் என்போம். செக்கராக உட்காருபவர் வவுச்சரைப் பார்க்க வேண்டும். "சூப்பர்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால் மெமோ வரும். பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்தவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். இருப்பாய்வு டாலி ஆகிவிட்டால் கணக்கில் பிழையே இல்லை என்று அர்த்தம் கிடையாது. ராமசாமி கணக்கில் வைக்க வேண்டிய வரவைக் கிருஷ்ணசாமி கணக்கில் வைத்தாலும் டாலி ஆகும். ஒரு பதிவை முழுசாக விட்டுவிட்டாலும் டாலி ஆகும். வாட்ஸப் கட்டைவிரல்களும் அப்படித்தான் டாலி ஆகின்றன.

அப்படியென்றால் எப்படித்தான் கேட்பது? இதற்குப் பெரிய கம்பெனியின் பட்ஜெட் எல்லாம் வேண்டாம். ஜேக்கப் நீல்சன் என்ற பயன்பாட்டியல் நிபுணர் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்: ஐந்து பேர் போதும். அவரும் தாமஸ் லாண்டவரும் பல திட்டங்களை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கணக்கு அது. ஒரு ஆள் பயன்படுத்துவதைப் பார்த்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் கண்ணில் படும். ஐந்து பேரைப் பார்த்தால் கிட்டத்தட்ட 85 சதவீதம். எல்லா இடத்திலும் இதே எண் வரும் என்பதில்லை, அது சராசரிதான். அவர் சொன்னதில் முக்கியமான பகுதி வேறு. பதினைந்து பேர் கிடைத்தால் ஒரே தடவையில் பதினைந்து பேரையும் கூப்பிடாதே. ஐந்து பேரைப் பார், திருத்து, மறுபடி ஐந்து பேரைப் பார், திருத்து என்றார். திருத்தியது சரியாக வந்திருக்கிறதா என்பது இரண்டாம் சுற்றில்தானே தெரியும்?

அங்கே "எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கே இடமில்லை. ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும்: "உங்க பையனை வகுப்பில் சேருங்க, பணம் கட்டுங்க." பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்ல வேண்டும். தடுமாறினால் "அங்க இல்ல, இங்க அமுக்குங்க" என்று உதவிக்குப் போகக் கூடாது. நம்மாட்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம் :-)

தம்பியும் நானும் இரண்டு ஞாயிறு வகுப்பு வாசலில் உட்கார்ந்து இதைச் செய்தோம். என்னென்ன வந்தது தெரியுமா?

முதலில் வந்த அப்பா படிவத்திலேயே நின்றுவிட்டார். ‘முதல் பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டம். எங்கிருந்தோ எடுத்த ஆயத்தப் படிவம் அது. இரண்டாவதை நிரப்பாமல் மேலே போக முடியாது. இனிஷியலைப் போட்டார், ஓர் எழுத்து போதாது என்றது. இந்திய பாஸ்போர்ட்டிலேயே குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட வழி உண்டு. வடக்கே வந்த ஒவ்வொரு தமிழனும் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் "சர்நேம் என்ன?" என்று கேட்டுக் கேட்டு நொந்துபோயிருக்கிறான். கடைசியில் தமிழ் வகுப்பிலும் அதே கேள்வியா?

அடுத்து வந்த அம்மா ‘வகுப்பு’ என்ற இடத்தில் ‘6’ என்று போட்டார். பள்ளியில் பையன் ஆறாவது. தளம் கேட்டதோ தமிழ் வகுப்பில் எந்த நிலை என்று. உயிரெழுத்து தெரியாத பையன் ஒரே நொடியில் ஆறாம் நிலை மாணவன் ஆனான்.

மூன்றாமவர் பணம் கட்டும் பக்கம் வரை வந்து சிரித்தார். அங்கே ஒரு கியூஆர் கோடு, அவ்வளவுதான். "தளமும் இதே போன்ல, ஸ்கேன் பண்றதும் இதே போன்ல. எப்படிங்க?" வடிவமைத்த தம்பி தன் வீட்டில் பெரிய திரையில் பார்த்து, கையிலிருந்த போனால் ஸ்கேன் செய்து சோதித்திருக்கிறான். பெற்றோரில் பெரும்பாலோருக்குக் கைபேசியைத் தவிர வேறு திரை கிடையாது. படத்தைச் சேமித்து, யூபிஐ செயலியில் திறக்கலாம்தான். எத்தனை பேருக்குத் தெரியும்? இப்போது யூபிஐ முகவரியை எழுத்தாகவே போட்டு, நகலெடுக்க ஒரு பொத்தானும் வைத்தாயிற்று. பணம் யார் பெயருக்குப் போகும் என்பதையும் அச்சிடச் சொன்னேன். செயலியில் வரும் பெயரும் தளத்தில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு மக்கள் பணம் அனுப்பட்டும்.

நான்காமவர் பேத்தியைக் கூட்டிவரும் தாத்தா. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "எழுத்து எங்கப்பா இருக்கு?" என்றார். சந்தன நிறத்தின் மேல் வெளிர் சாம்பல் எழுத்து. பார்க்க அழகுதான். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் ஒளி வேறுபாடு வேண்டும் என்று இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் வழிகாட்டுதல் 2008-லிருந்தே சொல்கிறது. கால அட்டவணையைப் படமாகப் போட்டிருந்தார்கள். பெரிதாக்கினால் மங்கியது. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கு அதில் ஓர் எழுத்தும் கிடைக்காது.

ஐந்தாவதாக அந்த நெல்லை அம்மாவையே உட்கார வைத்தோம். முகப்பை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இதுல போன் நம்பர் எங்க இருக்கு?" என்றார். இருந்தது, பக்கத்தின் அடியிலும் அடியில்.

நீல நிறம், லோகோ, கோலம் பற்றி இந்த ஐந்து பேரில் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. குழுவில் இவற்றைப் பற்றித்தான் மூன்று நாள் விவாதம் ஓடியது.

"இலவசமா உழைக்கிற பையன், குறை சொன்னா மனசு நோகும்" என்கிறார்கள். குறை சொல்வதற்கும் நடந்ததைச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. "படிவம் மோசம்" என்றால் நோகும். "குடும்பப் பெயர் இடத்துல இனிஷியல் போட்டேன், ஏத்துக்கல, அங்கேயே நின்னுட்டேன்" என்றால் அவனுக்கு வேலை சுலபம். சொல்லாமல் விட்டால்தான் அவன் உழைப்பு வீண். தளத்துக்கு யாருமே வராமல் போனபின் "சூப்பர்" என்று சொன்னவர்களா வந்து ஆறுதல் சொல்லப் போகிறார்கள்?

இன்னொரு வாதம்: "ஆளாளுக்குச் சொல்றதையெல்லாம் கேட்டா தளம் கந்தலாயிடும்." இதை நான் ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் அபிப்பிராயத்துக்கு ஓட்டெடுப்பு வேண்டாம் என்கிறேன். ஆட்கள் எங்கே இடறினார்கள் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் இடறினால் அங்கே பள்ளம் இருக்கிறது. எப்படி மூடுவது என்பதை வடிவமைத்தவர் முடிவு செய்யட்டும், குழு அல்ல.

இது ஏதோ ஞாயிற்றுக்கிழமை வகுப்புச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். வாடிக்கையாளரை வங்கி அடையாளம் காணும் கேஒய்சி நடைமுறையில், "உயிரோடு இருக்கிறேன்" என்று நிரூபிக்க கேமரா முன் கண்ணைச் சிமிட்டச் சொல்லும் முறை இருந்தது. அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஏப்ரல் 30 அன்று வந்த தீர்ப்பு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. இருபது உத்தரவுகளில் ஒன்று, செயலியோ தளமோ வெளியிடும் முன் நடக்கும் பயனர் சோதனையில் பார்வையற்றவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது. உச்ச நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது, பயன்படுத்தப் போகிறவரைக் கூப்பிட்டு உட்கார வை என்று!

திருத்திய தளத்தை இரண்டாம் சுற்றில் வேறு ஐந்து பேர் பார்த்தார்கள். புதிதாக இரண்டு சின்னச் சிக்கல்கள் கிடைத்தன, அவையும் சரியாயின. அந்தம்மா வீட்டிலிருந்தே, யாரையும் கூப்பிடாமல் பெண்ணைச் சேர்த்துவிட்டார். தாமதச் சேர்க்கைதான், இருந்தாலும் சேர்ந்துவிட்டாள்.

ஆகவே மக்களே, பம்பாயோ டெல்லியோ பெங்களூரோ, நீங்கள் இருக்கும் ஊரில் சங்கத்துக்கோ கோயிலுக்கோ பிள்ளைகள் வகுப்புக்கோ தளம் செய்து யாராவது சுட்டி அனுப்பினால், தயவுசெய்து கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். கைபேசியில் திறந்து ஒரு வேலையைச் செய்து பாருங்கள். எங்கே நின்றீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். தளம் செய்பவரா நீங்கள்? குழுவில் பேசாமல் இருப்பவர்களில் ஐந்து பேரைத் தேடிப் போங்கள். பேசுகிறவர்கள் எப்படியும் வழி கண்டுபிடித்துவிடுவார்கள்.

டிஸ்கி: தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வெளியிடும் முன் படிக்கக் கொடுத்தேன். "சூப்பர்ணா" என்றான். விடவில்லை, பக்கத்தில் உட்கார வைத்து மறுபடி படிக்கச் சொன்னேன். இரண்டு பத்தி குறைந்தது.