கட்டுப் போட்டால் கூடிவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

மனித உடலில் 206 எலும்புகள் என்று என்னிடம் ஒப்பித்து மார்க் வாங்கியவர்கள்தானே நீங்கள்? பிறகு ஏன் பைக்கில் விழுந்து கால் நொறுங்கியவனை எண்ணெய்க் கட்டுப் போடும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள்? போன மாதம் நம் சொந்தத்தில் ஒரு பையனுக்கு இதுதான் நடந்தது. மூன்றாம் நாள் விரல்கள் கறுத்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வயது 22.

"எங்க தாத்தாவுக்குக் கட்டுலதான் சரியாச்சு சார்" என்பீர்கள். சரியாகியிருக்கும். எலும்பு தானாகவே கூடும் தன்மை உடையது. விலகாத சின்ன விரிசலை அசையாமல் வைத்தாலே பெரும்பாலும் கூடிவிடும். வேலை செய்தது உடம்பு, பெயர் வாங்கியது கட்டு.

நொறுங்கிய கால் அப்படியல்ல. அங்கே ரத்தக்குழாய், நரம்பு, தசை, தோல் எல்லாம் சேர்ந்து அடிபட்டிருக்கும். ரத்த ஓட்டம் முழுக்க நின்றால் சுமார் 6 மணி நேரத்தில் தசை மீள முடியாதபடி சாகத் தொடங்கும். அடிபட்ட இடம் வீங்கும்போது மேலே இறுக்கிக் கட்டினால், உள்ளே அழுத்தம் ஏறி, இருக்கிற ரத்த ஓட்டமும் நிற்கும். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டுத் தெரியாமலே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் உள்ளே கசியலாம். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் சீக்கிரமே ஆன்டிபயாட்டிக் போட்டு, தியேட்டரில் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். இதில் எதை எண்ணெயும் மூங்கில் பட்டையும் செய்யும்?

நாட்டு வைத்தியத்தை இழிவுபடுத்துகிறேன் என்று கிளம்பாதீர்கள். எக்ஸ்ரே கூடப் பார்க்காமல் இறுக்கிக் கட்டுவது எந்த வைத்தியமும் இல்லை.

இங்கிலீஷ் வைத்தியத்திலும் எல்லோரும் யோக்கியர் இல்லை. ரத்தக்குழாய் நிபுணர் இல்லை, பிளாஸ்டிக் சர்ஜன் இல்லை, ரத்த வங்கி இல்லை. ஆனாலும் அட்மிஷன் போட்டு ஒரு ராத்திரியை வீணாக்கிவிட்டு, விடிந்ததும் "மேல்சிகிச்சைக்குக் கொண்டுபோங்க" என்கிற சின்ன ஆஸ்பத்திரிகள் உண்டு. முதல் பத்து நிமிடத்திலேயே "இங்கே முடியாது, உடனே அங்கே போங்கள்" என்கிறாரே, அவர்தான் நல்ல டாக்டர். அவரைத் திட்டாதீர்கள்.

பணம்தான் பயமா? 2021 டிசம்பரில் தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து நடந்தால், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. தூக்கிவிட்டால் போலீஸ் தொல்லை என்கிற பயமும் வேண்டாம். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுகிறவரைக் காக்கிறது.

அரசுக்கும் ஒரு கேள்வி. இத்தனை செய்தீர்கள், நல்லது. ஆனால் அறுந்த ரத்தக்குழாயைத் தைக்கும் நிபுணர்கள் ஏன் இன்னும் பெரிய நகரங்களிலேயே குவிந்திருக்கிறார்கள்? அந்த 6 மணி நேரத்தில் பாதி, கிராமத்துக்காரனுக்கு ரோட்டிலேயே போகிறது. அதிகாரத்தில் இருக்கும் என் மாணவர்கள் இதைப் படித்தால் பதில் எழுதுங்கள்.

மற்றவர்கள் இதை மனதில் வையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். முறிந்த இடத்தை நீவாதீர்கள், இழுக்காதீர்கள், வெளியே வந்த எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். விரல்கள் சில்லிட்டாலோ, மரத்தாலோ, நிறம் மாறினாலோ, வலி தாங்க முடியாமல் ஏறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கட்டுப் போட்டுக் குணமானவர்கள் கமெண்டில் வருவீர்கள், தெரியும். வாருங்கள். காலை இழந்தவர்களின் வீட்டிலும் ஒரு முறை கேட்டுவிட்டு வாருங்கள்.