கழுத்துக் காயம் எந்தப் பிரிவில்?

தாலிக்கொடியைப் பிடித்து இழுத்ததில் ஓடும் வண்டியிலிருந்து விழும் பெண்ணுக்குச் சங்கிலி மட்டுமா போகிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, பறிப்பை நாடு முழுவதற்கும் தனிக் குற்றமாக்கியது. நல்ல மாற்றம். ஆனால் 304ஆம் பிரிவில் உச்ச தண்டனை 3 ஆண்டுதான். சாதாரணத் திருட்டுக்கும் அதே 3 ஆண்டு. பொருளின் மேல் சட்டத்துக்கு இருக்கும் கவனம் உடலின் மேல் இல்லாததுபோல் இது தெரிகிறது.

உண்மையில் சட்டம் அந்த வலியை அறியாததல்ல. திருடுவதற்காகக் காயப்படுத்தினால் 309ஆம் பிரிவின்படி அது கொள்ளை. அதற்கு 10 ஆண்டு வரை கடுங்காவல் அல்லது ஆயுள் சிறை. உடல்வலி உண்டாக்கினாலே காயம் என்கிறது அதே சட்டம். ஆகவே, கழுத்தில் கீறலோடு வருபவரின் புகாரைப் பறிப்பு என்று மட்டும் பதிவு செய்வது பிழை. கையிலிருந்து செல்போனைப் பிடுங்குவதும் கொள்ளையா என்று கேட்கலாம். வலியோ, மிரட்டலோ இல்லையென்றால் இல்லை; 304 அதற்குத்தான். தண்டனையைக் கூட்டினால் மட்டும் குற்றம் குறையாது என்பதும் சரியே. பிடிபடுவோம் என்ற பயமே தடுக்கும். இருந்தாலும், நகையின் எடையைக் கிராம் கணக்கில் எழுதும் முதல் தகவல் அறிக்கையில், மருத்துவர் கண்ட காயமும் அதற்குரிய பிரிவோடு இடம்பெற வேண்டும்.