மென்பொருள் விநியோகத்தில் லைப்ரரி இணைப்பு: நிலைப்பாட்டு அறிக்கை

ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய லைப்ரரிகளை இரண்டு வழிகளில் பெறுகிறது. ஸ்டாட்டிக் லிங்கிங் முறையில், உருவாக்கும்போதே லைப்ரரியின் நிரல் மென்பொருளின் கோப்புக்குள் சேர்ந்துவிடும். டைனமிக் முறையில் லைப்ரரி தனிக் கோப்பாகக் கணினியில் இருக்கும். மென்பொருளைத் திறக்கும்போது இரண்டும் பொருத்தப்படும். கோப்பின் அளவையும் வேகத்தையும் வைத்தே இவற்றை ஒப்பிடுவது வழக்கம். அவை இன்று பெரிய விஷயம் அல்ல. லைப்ரரியில் பிழை தெரியவந்தால், திருத்தத்தைப் பயனரின் கணினிவரை கொண்டுசேர்ப்பவர் யார் என்பதே கேள்வி.

2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. டெபியன் போன்ற இயங்குதளங்களில் அந்த ஒரு லைப்ரரியைப் புதுப்பித்து, சேவைகளை மறுபடி தொடங்கியதும் அதைப் பகிர்ந்துகொண்ட மென்பொருள்கள் எல்லாம் திருத்தம் பெற்றன. அதைத் தமக்குள் அடக்கி வந்தவை ஒவ்வொன்றாக மீண்டும் கம்பைல் செய்யப்பட வேண்டியிருந்தது. 2023 செப்டம்பரில் லிப்வெப்பி என்ற பட லைப்ரரியின் ஓட்டைக்கு குரோம், ஃபயர்பாக்ஸ், எலக்ட்ரான் வகைச் செயலிகள் எனத் தனித்தனியே புதுப்பிப்பு வர நேர்ந்ததும் இதே காரணத்தால்தான்.

தமிழுக்கு இதில் தனி அக்கறை உண்டு. ‘கொ’ என்ற எழுத்து யூனிகோடில் ககரமும் அதன் பின் ஓர் உயிர்க்குறியும் ஆகும்; கொம்பை முன்னும் காலைப் பின்னும் பிரித்து வைப்பது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவாக்க லைப்ரரியின் வேலை. அதன் பழைய பதிப்பை உள்ளே புதைத்துக்கொண்ட மென்பொருளுக்கு, பின்னாளில் வரும் எந்தத் திருத்தமும் போய்ச் சேராது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் மடிக்கணினித் திட்டம் வழியே அது மாணவர் கைக்கும் வந்தது. பகிர்வு லைப்ரரி முறையைத் தமிழ்நாடு அறியாததல்ல.

டைனமிக் முறையின் தொல்லைகளையும் மறைப்பதற்கில்லை. ஜிலிப்சி என்ற அடிப்படை சி லைப்ரரியின் 2.35 பதிப்பு உள்ள உபுண்டு 22.04இல் உருவாக்கிய மென்பொருள், 2.31 உள்ள டெபியன் 11இல் பெரும்பாலும் திறக்கவே மறுக்கும். சாயல்குடியில் கருப்பட்டி, மிளகாய் வணிகம் செய்யும் ஒரு கடையின் பில்லிங் கணினி பழையதாக இருந்து, மென்பொருள் பென்டிரைவில் வருமானால், விடுபட்ட லைப்ரரியைத் தேடி எடுக்கக் கடைக்காரருக்கு வழியில்லை. ஒற்றைக் கோப்பு அங்கே பெரிய வசதி. பகிர்வே பாதுகாப்பு என்பதும் இல்லை: எக்ஸ்இசட் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புகுத்தப்பட்டு 2024 மார்ச்சில் வெளிப்பட்ட பின்வாசல், லைப்ரரிச் சங்கிலி வழியாகவே எஸ்எஸ்எச் சேவையை எட்டியது.

இவற்றை எடைபோட்டு எடுக்கப்பட்ட நிலைப்பாடு இது. இயங்குதளத்தின் தொகுப்புக் களஞ்சியம் வழியாக வழங்கும் மென்பொருளுக்கு டைனமிக் முறையே விதி. மறையாக்கம், படம், தமிழ் எழுத்து வடிவாக்கம் ஆகிய மூன்றின் லைப்ரரிகளுக்கு இது மிகவும் பொருந்தும். பழைய கணினிகளுக்காக என்றால் ஸ்டாட்டிக்குக்குத் தாவுவதைவிட, ஆதரிக்க வேண்டியவற்றில் ஆகப் பழைய இயங்குதளத்தில் கம்பைல் செய்வது மேல்; பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

மீட்புக் கருவிகளும், இணையமில்லாத இடத்துக்கு எடுத்துச் செல்லும் சிறு கருவிகளும் விலக்கு. அவற்றில் ஜிலிப்சியை ஸ்டாட்டிக்காக இணைப்பது வீண்வேலை. பெயர்த் தேடல் போன்ற பணிகளுக்கு அது இயங்கும்போதும் அதே பதிப்பின் பகிர்வு லைப்ரரிகளை எதிர்பார்க்கும். முழு ஒற்றைக் கோப்பு வேண்டுமானால் அதற்கு மாற்றான மஸ்ல் என்ற சி லைப்ரரி ஏற்றது. கோ மொழியில் எழுதுவோருக்கு மொழியே பெரும்பாலும் ஸ்டாட்டிக் என்ற முடிவை எடுத்துவிடுகிறது. திருத்தம் வந்தவுடன் மீண்டும் உருவாக்கி வழங்கும் கடமை அவர்களுக்குக் கூடுதலாகிறது.

உரிமத்தையும் கவனிக்க வேண்டும். எல்ஜிபிஎல் லைப்ரரியை ஸ்டாட்டிக்காக இணைத்து வழங்குவோர், பயனர் அதை மாற்றி மறுபடி இணைத்துக்கொள்ளத் தேவையான கோப்புகளையும் தர வேண்டும். மூடிய மூலநிரலை விற்போர் பலர் இதைப் படிப்பதே இல்லை.

ஒற்றைக் கோப்பாக மென்பொருள் வாங்கும் பள்ளிகளும் கடைகளும் அலுவலகங்களும், உள்ளே எந்த லைப்ரரி எந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற பட்டியலையும், திருத்தம் வந்தால் புதிய கோப்பு தருவதற்கான எழுத்துமூல உறுதியையும் கேட்டுப் பெற வேண்டும். இரண்டும் கிடைக்காத மென்பொருளை வாங்க வேண்டாம்.